பட்டினிக் கோழிக்கு எடை அதிகம்

அத்தியாயம் 6

கொலை இல்லை. கொள்ளை இல்லை. யாரும் யாரையும் கடத்தவில்லை. நானூறு கோழிகள் தலைக்கு நாற்பது கிராம் கூடுதலாக எடை போட்டுவிட்டனவாம். அதைத் துப்பறியத்தான் புதன்கிழமை மத்தியானத் தூக்கத்தில் இருந்த என்னை அக்கா உலுக்கி எழுப்பினாள்.

"யாராவது செத்துட்டாங்களா?" என்றேன் கண்ணைத் திறக்காமல்.

"இல்ல."

"அப்ப நாளைக்குப் போலாமே."

"நாலு மணிக்கு ஒரு பொம்பளைக்கு வேலை போகப்போகுது. கூடவே குடியிருக்கிற வீடும் போகப்போகுது. கார் சாவியை எடுடா."

அக்கா இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் பிடித்தவள். அங்கே பொய்கள் ஒரே மாதிரி வர ஆரம்பித்ததும் சலித்துப்போய் வெளியே வந்து துப்பறியும் நிறுவனம் தொடங்கினாள். நிறுவனத்தின் மொத்த ஊழியர்கள் நான் ஒருவன். டிரைவர், போட்டோகிராபர், காலிங்பெல் அடிப்பவன், உள்ளே இருப்பவன் அடித்தால் வாங்கிக்கொள்பவன், எல்லாம் நானே. முப்பத்தெட்டு வயதாகியும் அவளுக்கு நான் 'டேய்'தான்.

ஊருக்கு வெளியே இருந்தது அந்தக் கோழி ஆராய்ச்சிப் பண்ணை. வாசலில் காரின் டயருக்கு மருந்து அடித்தார்கள், எங்கள் கைக்கு மருந்து அடித்தார்கள், அக்காவின் செருப்பையும் என் ஷூவையும் மருந்துத் தண்ணீரில் முக்கச் சொன்னார்கள். என் கல்யாணத்தன்றுகூட நான் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

எங்களை அழைத்திருந்தவர் டாக்டரம்மா. மனிதர்களுக்கான டாக்டர் இல்லை, கால்நடை மருத்துவம் படித்துவிட்டுக் கோழியில் இறங்கியவர். மேஜை முழுக்கக் காகிதம். அறைக் கதவின் பின்னால் கோழிப் படம் போட்ட ஒரு பெரிய அட்டவணை, அதற்கு மேல் அவருடைய மழைக்கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. மணி இரண்டு.

"ரெண்டு ஷெட் இருக்கு," என்றார் டாக்டரம்மா. "ஒரே நாள்ல பொரிச்ச குஞ்சுங்க, ஷெட்டுக்கு நானூறு. ஒரே தீவனம். ஒரு ஷெட்ல எப்பவும் தட்டு நிறைஞ்சிருக்கும், எவ்ளோ வேணாலும் தின்னலாம். இன்னொரு ஷெட்ல அட்டவணைப்படி தின்ன வேண்டியதுல முக்கால் பங்குதான், அதுவும் காலைல ஒரே வேளை. தீவனத்தைக் குறைச்சா வளர்ச்சி எவ்ளோ குறையுதுன்னு பாக்கறதுதான் ஆராய்ச்சி."

"எவ்ளோ குறைஞ்சுது?" என்றாள் அக்கா.

"குறையல. அதான் பிரச்சினை. முப்பத்தஞ்சாவது நாள் எடை போட்டோம். நிறைய தின்ன கோழி சராசரியா ஆயிரத்து ஐந்நூத்தி இருபது கிராம். பட்டினி கிடந்த கோழி ஆயிரத்து ஐந்நூத்தி அறுபது."

"எனக்கும் வீட்ல இதே கதைதான் டாக்டர்," என்றேன். "பொண்டாட்டி பாதித் தட்டுதான் போடறா. ஆனாலும் பெல்ட்டு பத்தாம போய்க்கிட்டே இருக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள்.

"யாரோ திருட்டுத்தனமா பட்டினி ஷெட்டுக்குத் தீவனம் போட்டிருக்காங்க," என்றார் டாக்டரம்மா. "அங்க வேலை பாக்கறவங்க ஏப்ரன் பையில தீவனம் இருந்துச்சுன்னு சூப்பர்வைசர் புகார் குடுத்திருக்கார். நாலு மணிக்கு இயக்குநர் வந்து விசாரிக்கிறார். எனக்கு அதுக்குள்ள ஆதாரம் வேணும். மூணு வருஷ உழைப்பு இது."

"அவங்கதான்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

"வேற யாரா இருக்க முடியும்? கோழிங்களா போய் மூட்டையைப் பிரிச்சுக்கிச்சு?"

இப்படிக் கேள்வி கேட்பவர்களுக்கு எங்கள் நிறுவனத்தில் பதில் சொல்வதில்லை. எடைப் பட்டியலை மட்டும் அக்கா வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பண்ணையில் வேலை செய்பவர்கள் அந்த இரண்டு கொட்டகைகளையும் 'விருந்து', 'பட்டினி' என்றே சொன்னார்கள். பட்டினிக் கொட்டகையில் இருந்த பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். பண்ணையில் அவருக்குப் பட்டப்பெயர் 'கடிகாரம்'. ஏழு மணிக்குத் தீவனம் என்றால் ஆறு ஐம்பத்தொன்பதுக்குக்கூடப் போடமாட்டாராம். மூலையில் ஒரு தராசு, அதன் பக்கத்தில் டாக்டரம்மா சீல் வைத்த மூட்டை, சுவரில் கடிகாரம், சுவருக்கு முன்னால் இந்தக் கடிகாரம்.

"நான் ஒரு பிடிகூடப் போடலீங்க," என்றார் நாங்கள் கேட்பதற்கு முன்பே.

"உங்க ஏப்ரன் பையில தீவனம் இருந்துச்சாமே?" என்றாள் அக்கா.

"இருந்துச்சு. தட்டுல போடறப்போ கீழ சிந்தும். சிந்தினதைப் பொறுக்கி, எடை போட்டு, பொட்டலம் கட்டித் திருப்பிக் குடுக்கணும். ரூல் அது. பொறுக்கிட்டிருந்தப்ப சூப்பர்வைசர் உள்ள வந்தாரு. கையும் களவுமா பிடிச்சுட்டேன்னாரு. சிந்தினதைப் பொறுக்கறதுக்குப் பேரு களவாங்க?"

"உண்மையைச் சொல்லுங்க. ஒரு நாள்கூட உங்களுக்குப் போடத் தோணலையா?" என்றாள் அக்கா.

அந்த அம்மாவுக்குச் சட்டென்று கோபம் வந்தது. "தோணலையாவா? தினமும் தோணும். ஏழு மணிக்குப் போட்டா எட்டுக்குள்ள காலி. அப்புறம் நாள் முழுக்க என் காலைச் சுத்திக்கிட்டுக் கத்தும். மனசைக் கல்லாக்கிட்டு நின்னேன். போட்டிருந்தாலாவது இந்தத் திட்டுக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும்."

பிறகு குரல் இறங்கியது. "எம் பொண்ணுக்கு எட்டு மாசம். எழுந்து நடக்கவே கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. பண்ணைக் குவார்ட்டர்ஸ்லதான் படுத்திருக்கா. சாயந்திரம் சாவியைக் குடுன்னு சொன்னா அவளை எங்க கொண்டுபோய்ப் படுக்க வைப்பேன், சொல்லுங்க."

என்னிடம் வழக்கமாக எல்லாவற்றுக்கும் ஒரு ஜோக் இருக்கும். அப்போது இல்லை.

அக்கா தரையில் கிடந்த காலி வாளியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான். நானூறும் கிளம்பி எங்கள் மேல் பாய்ந்தன. ஒன்று என் ஷூ லேஸைப் புழு என்று நம்பி இழுத்தது. இன்னொன்று என் கால் சட்டையின் மடிப்புக்குள் தலையை விட்டுத் தேடியது. எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அளவு, அச்சில் வார்த்த மாதிரி.

"என்னடா தெரியுது?" என்றாள் அக்கா வெளியே வந்ததும்.

"என் லேஸ் போச்சுன்னு தெரியுது."

"ரகசியமா விருந்து சாப்பிடறவன் காலி வாளிச் சத்தத்துக்கு இப்படி ஓடி வருவானா?"

"அப்ப அந்தம்மா போடலைன்னா எடை எப்படிக்கா கூடுச்சு? காத்தைக் குடிச்சா?"

"அதை விருந்து வீட்ல போய்க் கேப்போம்."

விருந்துக் கொட்டகைக்குள் போவதற்கு மறுபடியும் மருந்துக் குளியல், இந்த முறை முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கதவுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல். அதன் கீழே ஆணியில் ஒரு தினசரிப் பரிசோதனைத் தாள் தொங்கியது. அக்கா அதைப் படித்தாள், ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள், மறுபடியும் தாளைப் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

உள்ளே சூப்பர்வைசர். ஆறடி இரண்டு அங்குலம் இருப்பார், எல்லோரும் 'ஏணி' என்று கூப்பிட்டார்கள். இடுப்பில் முதுகுவலி பெல்ட்.

"வாங்க வாங்க," என்றார். "நம்ம ஷெட்டைப் பாருங்க. தட்டு எப்பவும் நிறைஞ்சிருக்கும். கீழ ஒரு பருக்கை சிந்தாது. வேஸ்ட்டே இல்லாத ஷெட்டுன்னு போன வாரம் பாராட்டே வந்துச்சு."

உண்மைதான். மேலே உத்தரத்திலிருந்து கயிற்றில் சிவப்புத் தட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் தீவனம் விளிம்பு வரை நின்றது. தரை படு சுத்தம். மூலையில் தீவன மூட்டைகளை அடுக்கி, மேலே ஒரு போர்வையை விரித்து, அட்டகாசமாக ஒரு சோபா செய்து வைத்திருந்தார். சாய்வு, கை வைக்க இடம், கால் நீட்ட ஒரு மூட்டை. நான் போய் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டு சோபாவைவிட நன்றாக இருந்தது.

"அக்கா, இதுல ஒண்ணு நமக்கும் ஆர்டர் பண்ணலாம்."

அக்கா சோபாவையே பார்த்தாள். "எத்தனை மூட்டைங்க இது?"

"எட்டு. மிச்சம் ஆனது," என்றார் ஏணி.

"பட்டினி ஷெட்டுக்குத் தீவனம் எங்கேர்ந்து போச்சுன்னு புகார்ல சொன்னீங்க?"

"இங்கேர்ந்துதான். நான் சாப்பிடப் போறப்போ அந்தம்மா வந்து அள்ளிட்டுப் போயிருக்கணும். அவங்க மூட்டைக்குத்தான் சீல் இருக்கே."

"எடுத்தா குறையணுமே. உங்ககிட்ட எட்டு மூட்டை கூடியிருக்கு. அவங்க ராவோட ராவா கொண்டுவந்து வெச்சுட்டுப் போனாங்களா?"

ஏணி போர்வையின் ஓரத்தை இழுத்து மூட்டைகளை மறைத்தார். நான் சோபாவிலிருந்து மெதுவாக எழுந்தேன். ஆதாரத்தின் மேல் உட்கார்ந்திருப்பது தொழிலுக்கு அழகில்லை.

அக்கா சுவரோரம் இருந்த தகர வாளியை எடுத்துத் தட்டினாள். விருந்து சாப்பிடும் கோழி என்ன செய்ய வேண்டும்? உண்ட மயக்கத்தில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ள வேண்டும். நான் அப்படித்தான் செய்வேன். இங்கே நானூறும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டு ஓடி வந்தன. பட்டினிக் கொட்டகையே பரவாயில்லை, அதுகளாவது வரிசையில் வந்தன என்று தோன்றியது. சிலது பெரிய பெரிய சேவல் கணக்காக இருந்தன, மிச்சமெல்லாம் நோஞ்சான்.

"விருந்து வீட்ல எதுக்குங்க இவ்ளோ பசி?" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "டேய், உக்காரு."

"இப்பத்தானே எழுந்தேன்."

"தரையில. கோழி உயரத்துக்கு."

ரப்பர் பூட்ஸோடு, நானூறு கோழிகள் நடுவே, உமியும் எச்சமும் கலந்த தரையில் உட்கார்ந்து, குனிந்து, அதன் பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தேன். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வுகளில் இதுவும் ஒன்று.

அங்கிருந்து பார்த்தால் தீவனம் தெரியவில்லை. சிவப்புத் தட்டின் அடிப்பாகம்தான் தெரிந்தது.

"அக்கா," என்றேன். "தட்டு மாடியில இருக்கு. இதுங்க தரைத்தளம்."

நின்றால் தட்டின் விளிம்பு என் முழங்காலுக்கு வந்தது. மனிதனுக்கு அது தாழ்வு. கோழிக்கு அது வானம். ஒரு பெரிய கோழி நுனிக்காலில் நின்று கழுத்தை நீட்டி, எட்டி, ஒரு வாய் கொத்தியது. பக்கத்தில் ஒரு நோஞ்சான் குதித்தது, விளிம்பில் முட்டிக்கொண்டு கீழே விழுந்தது, மறுபடி குதித்தது. எத்தனை நாள் பழக்கமோ, அதற்கு முட்டிக்கொள்வதில் ஒரு வருத்தமும் இல்லை.

"விளிம்பு எந்த உயரத்துல இருக்கணும்?" என்றாள் அக்கா.

ஏணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கோழியோட முதுகு உயரத்துல."

"யார் ஏத்துனது?"

"மூணாவது வாரம் நான்தான். தாழ்வா இருந்தப்ப எல்லாம் கிளறி கிளறிச் சிந்துச்சுங்க. டாக்டரம்மா சத்தம் போட்டாங்க. எனக்கும் ஒவ்வொரு தட்டா குனிஞ்சு பாக்க முதுகு ஒத்துக்கல. ஏத்தி வெச்சேன். சிந்தறது நின்னுடுச்சு."

"தின்னறதும் நின்னுடுச்சு," என்றேன். "திங்காத சோறு எப்படிச் சிந்தும்?"

"மூட்டை மிஞ்ச ஆரம்பிச்சப்பவாவது யோசிச்சிருக்கக் கூடாதா?" என்றாள் அக்கா.

"மிஞ்சறது நல்லதுதானேன்னு நினைச்சேன்."

"அந்த நினைப்புல சோபா பண்ணிட்டீங்க. பட்டினி ஷெட்டு ஜாஸ்தி எடை காட்டினதும் பழியைத் தூக்கி அந்தம்மா தலையில போட்டுட்டீங்க."

ஏணிக்கு முகம் சிவந்தது. "நான் மட்டுமாங்க? டாக்டரம்மா தினம் பாத்து கையெழுத்து போட்டிருக்காங்க. தாளை நீங்களே பாருங்க."

"பாத்தாச்சு," என்றாள் அக்கா. வெளியே வரும்போது அந்தத் தாளை ஆணியிலிருந்து எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மணி மூன்று இருபத்தைந்து. டாக்டரம்மாவின் அறைக்கு நாங்கள் திரும்பியபோது அவர் எழுந்தே நின்றார். "ஆதாரம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. முதல்ல உங்க மழைக்கோட்டை எடுத்துக்கலாமா?"

அக்கா கோட்டை எடுத்து என் தோளில் போட்டாள். கதவின் பின்னாலிருந்த அட்டவணை முழுசாகத் தெரிந்தது. குஞ்சு விற்றவர்கள் கொடுத்தது. எந்த நாளில் எவ்வளவு தின்ன வேண்டும், எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

"முப்பத்தஞ்சாவது நாள், வயிறாரத் தின்ன கோழி, படிங்க."

டாக்டரம்மா படித்தார். "ரெண்டாயிரத்து நூறு."

"உங்க விருந்துக் கோழி ஆயிரத்து ஐந்நூத்தி இருபது. நீங்க ரெண்டு ஷெட்டையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டீங்க. பட்டினி எப்படி மேல வந்துச்சுன்னு யோசிச்சீங்க. பட்டினி எங்கயும் வரல, அது இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. விருந்துதான் கீழ இறங்கிடுச்சு."

அக்கா கைப்பையிலிருந்து எடைப் பட்டியலை எடுத்து மேஜையில் விரித்தாள். "பட்டினியில எல்லாமே ஆயிரத்து நானூத்தி எண்பதுலேர்ந்து ஆயிரத்து அறுநூத்தி ஐம்பதுக்குள்ள. கொஞ்சமா இருந்தாலும் எல்லாருக்கும் கிடைச்சிருக்கு. விருந்துல ஒண்ணு ரெண்டாயிரத்து நூத்தி எண்பது, இன்னொண்ணு எண்ணூத்தி நாற்பது. எட்டினவன் தின்னான், எட்டாதவன் வேடிக்கை பாத்தான். சராசரி போட்டதும் ரெண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி ஆயிட்டாங்க."

தட்டு, கயிறு, முழங்கால், சோபா எல்லாவற்றையும் அக்கா சொன்னாள். டாக்டரம்மா உட்கார்ந்துவிட்டார். கடைசியாக அக்கா அந்தப் பரிசோதனைத் தாளை மேஜையில் வைத்தாள். 'தட்டு நிரம்பியுள்ளதா?' என்ற கேள்விக்கு நேரே முப்பத்தைந்து 'ஆம்'. முப்பத்தைந்து கையெழுத்து. எல்லாம் ஒரே அழகான கையெழுத்து.

"நிறைஞ்சுதான் இருந்துச்சு," என்றார் டாக்டரம்மா மெல்லிய குரலில். "ஜன்னல்லேர்ந்து பாப்பேன். அடிக்கடி உள்ள போனா கோழி மிரளும், அதனால..."

"தட்டு நிறைஞ்சிருக்கான்னு பாத்தீங்க. வயிறு நிறைஞ்சிருக்கான்னு கேக்க அந்தத் தாள்ல இடமே இல்ல."

வாடிக்கையாளரையே குற்றவாளியாக்கும் வழக்கம் அக்காவுக்கு உண்டு. அதனால்தான் எங்களிடம் யாரும் இரண்டாவது முறை வருவதில்லை.

டாக்டரம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இது வெளிய தெரிஞ்சா மூணு வருஷமும் குப்பைக்குப் போகும். யாரோ தீவனம் போட்டாங்கன்னு இருந்தா ஒரு ஷெட்டோட போயிடும், ஆராய்ச்சி பிழைக்கும். அந்தம்மாவுக்கு வேற எங்கயாவது வேலைக்கு நானே சொல்றேன். நல்லபடியா பாத்துக்கறேன்."

"எட்டு மாசக் கர்ப்பிணியை நல்லபடியா எந்தப் பிளாட்பாரத்துல படுக்க வைப்பீங்க?" என்றேன். ஜோக்காகச் சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். "தீவனம் போட்டது யாருன்னு கண்டுபிடிக்கச் சொன்னீங்க. கண்டுபிடிச்சாச்சு. பட்டினி ஷெட்லயும் சரி, விருந்து ஷெட்லயும் சரி, யாருமே போடல. இதைத்தான் நான் எழுதித் தருவேன்."

கதவு தட்டும் சத்தம் கேட்டது. கடிகாரம் அம்மா நின்றார். ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தார். மேஜை மேல் குவார்ட்டர்ஸ் சாவியை வைத்தார். அதன் பக்கத்தில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை வைத்தார். மேலே பென்சிலில் '12 கிராம்' என்று எழுதியிருந்தது.

"இன்னிக்குச் சிந்தினது," என்றார். "நான் போனப்புறம் இதையும் எடுத்துட்டான்னு யாரும் சொல்லக் கூடாது."

வெளியே கார் வந்து நின்றது. இயக்குநர் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வந்துவிட்டார். டாக்டரம்மா அந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்தார், பன்னிரண்டு கிராம் என்பதை இரண்டு தடவை படித்தார். என்னென்ன நினைத்தாரோ. பேனாவை எடுத்து, பரிசோதனைத் தாளில் அவருடைய முப்பத்தைந்து கையெழுத்துகளுக்கும் மேலே குறுக்காக ஒரே கோடு இழுத்தார். சாவியை எடுத்து அந்த அம்மாவின் கைக்குள் வைத்து மூடினார். தாளை எடுத்துக்கொண்டு இயக்குநரைப் பார்க்கத் தனியாக வெளியே போனார்.

"என்னங்க நடக்குது?" என்றார் கடிகாரம் அம்மா.

நான்தான் சொன்னேன். தட்டு முழங்கால் உயரத்தில் இருந்ததைச் சொன்னபோது அவர் அதற்குமேல் கேட்கவில்லை. விடுவிடுவென்று விருந்துக் கொட்டகைக்கு நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

அங்கே ஏணி முதுகைப் பிடித்துக்கொண்டு முதல் தட்டின் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "நகருங்க," என்றார் அந்த அம்மா. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. முடிச்சை அவிழ்த்துத் தட்டைத் தாழ இறக்கினார். அது கோழியின் முதுகு உயரத்துக்கு வந்ததும் நாலு பக்கமிருந்தும் கழுத்துகள் உள்ளே விழுந்தன. கொத்தும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஒவ்வொன்றாக எல்லாத் தட்டையும் இறக்கினார். கடைசித் தட்டின் கீழே அந்த நோஞ்சான் நின்றது. பழக்க தோஷத்தில் ஒரு குதி குதித்து, தட்டுக்குள்ளேயே போய் விழுந்தது.

நான் சிரித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார்.

"இதுங்க கத்தறது எனக்கு அங்க தினமும் கேக்கும்," என்றார். "என்னோடது பசியில கத்துது, பாவம், இதுங்க கொழுப்புல கத்துதுன்னு நினைச்சேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்து எட்டிப் பாத்திருக்கலாம்."

நாங்கள் காரில் கிளம்பினோம். பாதி வழியில் அக்கா கேட்டாள், "என்னடா, ஜோக் ஒண்ணும் வரலையா?"

"பசிக்குதுக்கா," என்றேன். அவள் ஒரு ஓட்டலைக் காட்டி வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள்.